சேவைக் குழுவும் ஒரு பழைய நோட்டும்

(பொன்விழா இரவு விருந்தில் சங்கத்தின் சேவைக் குழு சார்பில் ஆற்றிய உரை)

 

எங்களுக்கு 15 நிமிடம் ஒதுக்கியிருக்கிறார்கள். பிரியாணி ஆறுவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று தலைவர் மாமா முன்கூட்டியே சொல்லிவிட்டார். ஆகவே நாங்கள் ஆண்டறிக்கை வாசிக்கப் போவதில்லை. கல்வி உதவி பெற்ற பிள்ளைகள், சக்கர நாற்காலி இரவல், மருத்துவமனைக்குப் போய் நோயாளிகளைப் பார்த்து வந்தது எல்லாம் மலரில் வேறு பக்கத்தில் வருகிறது. வீட்டில் போய் நிதானமாகப் படித்துக்கொள்ளலாம். இதோ இந்த மேசை மேல் இருக்கிற நோட்டைப் பற்றி மட்டும் சொல்லிவிட்டு இறங்கிவிடுகிறோம்.

தூரத்தில் இருப்பவர்களுக்குத் தெரியாது. இது நீளமான கணக்கு நோட்டு. நீல அட்டை. முதுகுப்புறம் சிவப்புத் துணி ஒட்டியது. துணி பிய்ந்து இரண்டு முறை தைத்திருக்கிறோம். முதல் பக்கத்தில் மேலே 786. அதற்குக் கீழே கோடு போட்டு எட்டுக் கட்டம்: தேதி, பெயர், வயது, தகப்பனார் பெயர், மௌத்தான இடம், கபுர் எண், செலவு, கையொப்பம். நம் சங்கத்துக்கு இந்த ஆண்டு 50 வயது. இந்த நோட்டுக்கு அதைவிடச் சில வயது கூடுதல். சங்கம் பதிவாகி, முத்திரை செய்து, பலகை மாட்டுவதற்கு முன்பே நோட்டு வந்துவிட்டது.

ஏன் வந்தது என்பதை இளைய பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். அப்போது நம் ஊர்க்காரர்களில் பெரும்பாலோர் இங்கே தனி ஆட்கள். குடும்பம் ஊரில் இருக்கும். தஞ்சோங் பகார், தெலுக் ஆயர், மார்க்கெட் ஸ்திரீட் பக்கத்துக் கடைவீட்டு மேல்மாடிகளில் பத்துப் பேர், பதினைந்து பேர் என்று பாய் விரித்துப் படுத்தவர்கள். சாப்பாட்டுக் கடையில் ஒருவர், துறைமுகத்தில் ஒருவர், பெட்டிக்கடையில் ஒருவர், ஜாகா வேலையில் ஒருவர். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு சவுத் பிரிட்ஜ் சாலையில் இருக்கிற சூலியா பள்ளிக்குப் போனால் ஊரையே பார்த்துவிடலாம். 1826இல் தொடங்கிய பள்ளி அது. இல்லாவிட்டால் தெலுக் ஆயரில் குச்சுப் பள்ளி. 1827இல் ஓலைக் குடிசையாகத் தொடங்கியதால் அந்தப் பெயர். பலகையில் இன்று அல் அப்ரார் என்று இருந்தாலும் நம் பெரியவர்கள் வாயில் அது கடைசி வரை குச்சுப் பள்ளிதான்.

இப்படித் தனியாக இருந்தவர்களில் ஒருவர் மௌத்தாகிவிட்டால் என்ன செய்வது? மகன் இல்லை, தம்பி இல்லை. கபன் துணிக்குக் காசு யார் கொடுப்பது, வண்டி யார் பேசுவது, ஊருக்குத் தந்தி யார் அடிப்பது? அறையில் இருந்தவர்கள் பேசி ஆளுக்கு மாதம் 1 வெள்ளி போட்டார்கள். மய்யித்துச் சீட்டு என்று பெயர். அந்தச் சீட்டுக்குத்தான் இந்த நோட்டு. நம் சேவைக் குழுவும், ஒரு வகையில் நம் சங்கமும், இந்த 1 வெள்ளியில் முளைத்தவை.

நோட்டின் முன்பக்கம் செலவுக் கணக்கு. பின்பக்கமிருந்து திருப்பினால் வேறு ஒரு கணக்கு இருக்கிறது. மௌத்தானவரின் பெட்டியில் என்னென்ன இருந்தது என்று எழுதி, இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட்டு, அடுத்துக் கப்பல் ஏறுகிற ஊர்க்காரரிடம் பெட்டியை ஒப்படைத்திருக்கிறார்கள். ஒரு பக்கத்தை மட்டும் வாசிக்கிறோம். பெயரை விட்டுவிடுகிறோம், அவருடைய பேரப்பிள்ளைகள் இந்த மண்டபத்தில் இருக்கிறார்கள்.

"கைலி 4. சட்டை 3. தொப்பி 1. குடை 1. கைக்கடிகாரம் 1, ஓடவில்லை. புதுச் சேலை 2, பிரிக்காதது. கோடாலித் தைலம் 6 புட்டி. ரொக்கம் வெள்ளி 47. கடன் கொடுக்க வேண்டியது வெள்ளி 20, அதை நாங்கள் கொடுத்துவிட்டோம், கழிக்கவில்லை."

"கழிக்கவில்லை" என்ற அந்த ஒரு சொல்லுக்காகவே இந்த நோட்டை நாங்கள் கண்ணாடிப் பெட்டியில் வைக்கலாம் என்று சொன்னோம். தலைவர் மாமா, நோட்டு எழுதுவதற்கு, கண்ணாடிப் பெட்டியில் வைத்தால் யார் எழுதுவது என்று கேட்டார். அவர் கேட்டதும் சரிதான்.

பெட்டிகள் முதலில் ரஜூலா கப்பலில் போயின, அப்புறம் எம்.வி. சிதம்பரத்தில். 1985 பிப்ரவரியில் சிதம்பரத்தில் தீ விபத்து நடந்ததோடு அந்தக் கப்பல் பயணமும் முடிந்தது. பிறகு விமானம். விமானத்தில் கிலோ பார்ப்பார்கள் அல்லவா? அதனால் குடையும் தைலமும் இங்கேயே தங்கிவிட்டன. நோட்டிலும் பின்பக்கக் கணக்கு அந்தக் காலத்தோடு மெல்ல நின்றுபோகிறது. அதற்குள் குடும்பங்கள் வந்துவிட்டன, வீவக வீடு கிடைத்துவிட்டது, பெட்டி கட்ட வேண்டிய தேவையும் குறைந்துவிட்டது.

இனி, நாங்கள் சொல்ல வந்த விஷயம்.

அப்பர் சிராங்கூன் சாலையில் பிடாடாரி மையவாடி இருந்தது வயதானவர்களுக்குத் தெரியும். முஸ்லிம்களுக்கு 1910இல் திறந்தது. 1972இல் மூடிவிட்டார்கள், அதற்குப் பிறகு அடக்கம் எல்லாம் சுவா சூ காங்கில். மூடிய பிறகும் பெருநாள் தொழுகை முடிந்து ஜியாரத்துக்குப் பிடாடாரிக்குப் போவோம். பிள்ளைகளுக்கு அங்கே போவதென்றால் குஷி; பெரிய மரங்கள், நிழல், ஓட இடம். 2001க்கும் 2006க்கும் இடையில் அந்த நிலம் முழுவதும் தோண்டி எடுக்கப்பட்டது. வீடு கட்ட வேண்டும், ரயில் வர வேண்டும். சிறிய நாடு, நியாயம் நமக்கும் புரியும். இன்று உட்லி எம்ஆர்டியில் இறங்கினால் வீவக அடுக்குமாடிகள் தெரியும். அங்கே வீடு வாங்கியவர்கள் நம்மிலேயே உண்டு.

அறிவிப்பு வந்ததும் சேவைக் குழு கூடியது. உறவினர்கள் வந்து பதிந்துகொண்டால் அந்தக் கபுரை அடையாளம் சொல்லி மாற்றலாம். ஆனால் நம் ஊர்க்காரர்களில் பலருக்கு உறவு இங்கே இல்லை. மனைவி ஊரில் மௌத்தாகி இருப்பார், மகன் சவூதியில் இருப்பார். கபுர் எண் யாரிடம் இருக்கிறது? இந்த நோட்டில்தான் இருக்கிறது. அலமாரியின் மேல்தட்டில், பழைய கூட்டக் குறிப்புகளுக்கு அடியில் கிடந்த நோட்டை எடுத்துத் துடைத்தோம். கரையான் நம்மீது இரக்கம் காட்டியிருந்தது.

பிடாடாரி என்று குறித்த பெயர்களைத் தனியாக எடுத்தோம். ஊர் ஜமாஅத்துக்குக் கடிதம் போட்டோம். இன்னாரின் வாரிசு யார், எங்கே இருக்கிறார், ஒப்புதல் கடிதம் அனுப்ப முடியுமா என்று. ஊரில் வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து பள்ளியில் பெயர்களை வாசித்தார்களாம். பதில்கள் வரத் தொடங்கின. சிலவற்றில் கையெழுத்துக்குப் பதில் பெருவிரல் ரேகை.

ஆண்கள் பெயரில் சிக்கல் குறைவு. பெண்கள் வரிசைக்கு வந்ததும் நாங்கள் விழித்தோம். நம் முன்னோர் எழுதியிருந்த லட்சணம் இது: "இன்னாருடைய சம்சாரம்." அவ்வளவுதான். அடுத்த வரி, "இன்னாருடைய தாயார்." இன்னொரு வரி, "கடை முதலாளி வீட்டில்." தகப்பனார் பெயர்க் கட்டத்தில் கணவர் பெயர். அரசாங்கப் பதிவேட்டில் அவரவர் பெயரில் அல்லவா இருக்கும்? நாங்கள் போய் "சம்சாரம்" என்று கேட்டால் யார் தேடித் தருவார்கள்?

அப்போதுதான் மாமியிடம் போனோம். மாமி என்று பொதுவாகச் சொன்னாலே இங்கே பாதிப் பேருக்கு யாரென்று விளங்கிவிடும். ரஜூலாவில் புதுப்பெண்ணாக வந்து இறங்கியவர். நம் பெண்களில் யார் மௌத்தானாலும் குளிப்பாட்டப் போகிறவர் அவர்தான். ஒரு துணிப்பை வைத்திருப்பார்; அதில் கற்பூரம், சந்தனம், அத்தர், கத்தரிக்கோல், காய்ந்த இலந்தை இலை. கபன் துணியை முன்கூட்டியே வெட்டி மடித்திருப்பார், பெண்ணுக்கு 5 துண்டு. அந்தப் பையைக் கண்டால் சின்னப் பிள்ளைகளாக இருந்த நாங்கள் படிக்கட்டில் ஓடி ஒளிவோம். அதே பையிலிருந்து மிட்டாயும் எடுத்துக் கொடுப்பார் என்பது வேறு விஷயம், வாங்கியவர்கள் குறைவு.

மாமிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தோ பாயோ வீட்டில் நோட்டை எடுத்துக்கொண்டு போய் நாங்கள் வரி வரியாக வாசித்தோம். மாமி கண்ணை மூடிக்கொண்டு பெயர் சொல்லிக்கொண்டே வந்தார். நம் ஊரில் பாதிப் பெண்கள் ஃபாத்திமா, மீதிப் பாதி கதீஜா. அதனால் வீட்டுப் பெயரும் சேர்த்துச் சொன்னார். கிணத்தடி வீட்டுக் கதீஜா. அவள் வாப்பா தர்கா வாசலில் அல்வாக் கடை வைத்திருந்தவர். இவளுக்கு இடது கையில் தீத்தழும்பு. இவள் தலைப்பிரசவத்தில் போனாள், பிள்ளையும் கூடவே, இரண்டும் ஒரே கபுர். அந்தப் பிள்ளை நோட்டில் இல்லை. நாங்கள் அன்றுதான் எழுதினோம்.

மூன்று நாள் போனோம். மூன்றாம் நாள் மாமி கேட்டார்: "இவ்வளவு படித்த ஆம்பளைங்க இத்தனை வருசமா நோட்டு எழுதினீங்களே, ஒருத்தருக்கும் அவ பேரு என்னன்னு கேக்கத் தோணலையா?" எங்களிடம் பதில் இல்லை. டீ ஆறிப்போயிருந்தது, அதைக் குடித்தோம்.

மாமி சொன்ன பெயர்களை வைத்துத்தான் பெண்களின் கபுர்களில் பெரும்பாலானவற்றைக் கண்டுபிடித்தோம். மாமியும் இப்போது இல்லை. அல்லாஹ் அவர்களுடைய கபுரை விசாலமாக்குவானாக. அவர்கள் பெயரை இந்த நோட்டில் முழுப் பெயராக, தகப்பனார் பெயரோடு எழுதியிருக்கிறோம்.

இவ்வளவும் பெருமையாகச் சொல்லக்கூடியது. அடுத்து வருவது அப்படி இல்லை. பொன்விழாவில் இதைச் சொல்ல வேண்டுமா என்று குழுவுக்குள் இரண்டு கூட்டம் விவாதித்தோம். சொல்வது என்று முடிவானது.

பிடாடாரி வேலை நடந்துகொண்டிருந்தபோது ஊரிலிருந்து ஒரு கடிதம் வந்தது. ஜும்ஆவில் வாசித்த பட்டியலைக் கேட்டவர் எழுதியது. தன் வாப்பா சிங்கப்பூரில் ஜாகா வேலை பார்த்தவர், பிடாடாரி மூடுவதற்குச் சற்று முன்னால் மௌத்தானார், பெட்டி வந்தது, பெட்டிக்குள் அவர் டார்ச் லைட் இருந்தது, ஆனால் கடிதம் ஏதும் இல்லை; வாசித்த பட்டியலில் வாப்பா பெயர் வரவில்லை; ஒருவேளை கைதவறி விட்டுப்போயிருக்குமோ, மறுபடி பார்க்க முடியுமா என்று கேட்டிருந்தார். வாப்பா கப்பல் ஏறியபோது அவர் உம்மாவின் வயிற்றில் இருந்திருக்கிறார்.

நோட்டில் பார்த்தோம். பெயர் இருந்தது, அடக்கம் செய்தவர்கள் வரிசையில் அல்ல. சந்தாப் பட்டியலில். ஏழு மாதம் கட்டவில்லை. சிவப்பு மையில் ஒரு கோடு, பக்கத்தில் "நீக்கம்."

சீட்டின் விதி அது. மூன்று மாதம் பாக்கி என்றால் பெயரை எடுத்துவிடுவார்கள். எல்லோரும் கூலிக்காரர்கள், ஒருவர் பங்கை இன்னொருவர் சுமக்க முடியாது என்பதால் போட்ட விதி. அதைத் தவறு என்று இன்று ஏசி மண்டபத்தில் நின்று சொல்வது எளிது. ஆனால் அந்த மனிதர் ஏன் கட்டவில்லை? கிடங்கு ஓரத்தில் இருந்த ஜாகா கொட்டகையில் மாதக்கணக்கில் நோயாய்க் கிடந்திருக்கிறார்.

கோடு போட்டவர் அப்போதைய கணக்கர். பிறகு நம் சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். கடிதம் வந்தபோது உயிரோடு இருந்தார், எண்பதைத் தொட்ட வயது. அவரிடம் நோட்டைக் காட்டினோம். வெகு நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தூக்கிட்டுப் போன மூணு பேருல நானும் ஒருத்தன்." கபன் துணி அவர் கைக்காசில் வாங்கியது. பெட்டி கட்டி அனுப்பியதும் அவரேதான். சீட்டுப் பணத்தில் ஒரு காசு தொடவில்லை, அதனால் நோட்டில் எழுதவில்லை. கணக்கு நோட்டில் கணக்கு இல்லாததை எப்படி எழுதுவது என்று அன்றைக்கு நினைத்திருக்கிறார். கடிதம் போடாதது ஏன் என்றால், நீக்கிவிட்ட ஆளின் வீட்டுக்கு என்ன முகத்தோடு எழுதுவது என்று.

"ஒரு வரி எழுதியிருக்கலாம்" என்றார். அன்று அதற்கு மேல் அவர் பேசவில்லை.

தேடினோம். ஊரில் கூப்பிடும் பெயர் ஒன்று, பாஸ்போர்ட்டில் இன்னொன்று. அதையும் இங்கே ஆங்கிலத்தில் எழுதியவர் அவர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். முகம்மது என்பதையே எத்தனை விதமாக எழுதலாம் என்று அந்த மாதத்தில் கற்றுக்கொண்டோம். அலுவலகத்தில் இருந்தவர்கள் பொறுமையாகத்தான் உதவினார்கள். கணக்கர் மாமாவைச் சக்கர நாற்காலியில் வைத்துப் பிடாடாரிக்குள் தள்ளிக்கொண்டு போனோம். ஒரு கம்போஜா மரத்துக்குப் பக்கம், வெள்ளைப் பூ உதிர்ந்து கிடந்தது, அங்கிருந்து மூன்றாவது வரிசை என்றார். மையவாடி முழுக்கக் கம்போஜா மரம். முப்பது வருடத்தில் மரங்களும் விழுந்து முளைத்திருக்கும். மீசான் கட்டையாக நட்ட மரத்துண்டு எத்தனை மழை தாங்கும்? மாமா இரண்டு இடத்தைக் காட்டினார். இரண்டும் இல்லை என்று அவரே சொன்னார்.

கண்டுபிடிக்க முடியவில்லை. யாரும் கேட்டு வராதவர்களோடு அவரையும் எடுத்து அடக்கினார்கள்.

மகன் விசிட் பாஸில் இரண்டு வாரம் வந்தார். அவருக்கே தாடி நரைக்கத் தொடங்கியிருந்தது. கணக்கர் மாமா வர வேண்டாம் என்று எல்லோரும் சொன்னோம், கேட்கவில்லை. சுவா சூ காங்கில் எந்தக் கபுர் என்று தெரியாததால் மகன் ஒரு வரிசையின் முனையில் நின்று, முழு வரிசைக்கும் ஸலாம் சொல்லி, யாசீன் ஓதினார். ஓதி முடித்துவிட்டு மாமாவின் கையைப் பிடித்து, "நீங்க குளிப்பாட்டினீங்களா மாமா?" என்று கேட்டார். "ஆமாம் வாப்பா" என்றார் மாமா. "தண்ணி வெதுவெதுன்னு இருந்துச்சா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு நாங்கள் யாரும் தயாராக இல்லை. மாமா, "இருந்துச்சு. கொட்டகையில அவர் டீ போடுற அடுப்புலதான் காய்ச்சினோம்" என்றார்.

அந்த வாரமே கணக்கர் மாமா இந்த நோட்டை வாங்கி, நடுங்குகிற கையோடு ஒரு வரி எழுதினார். பெயர், தகப்பனார் பெயர், தூக்கியவர்கள் மூன்று பேர். கபுர் எண் என்ற கட்டத்தில் ஒரு சின்னக் கோடு. செலவு என்ற கட்டத்தையும் காலியாக விட்டுவிட்டார். எவ்வளவு என்று கேட்டோம், சொல்லவில்லை. விருந்து முடிந்ததும் வந்து பாருங்கள், பச்சை மையில் இருக்கும்.

அதன் பிறகு குழுவில் ஒரு முடிவு எடுத்தோம். கணக்குக்கு வேறு புத்தகம். இந்த நோட்டில் பணம் எழுதுவதில்லை. சந்தா கட்டியவர், கட்டாதவர், சங்கத்தோடு கோபித்துக்கொண்டு போனவர், வேலைக்கு வந்த இடத்தில் மௌத்தான ஊர்க்காரத் தம்பி, யாராக இருந்தாலும் எங்கள் காதுக்கு வந்தால் வரி ஏறும். கோபித்துக்கொண்டு போனவர்கள் என்றதும் சிலர் சிரிக்கிறீர்கள். அந்தப் பட்டியலும் நம் சங்கத்தில் சிறியது அல்ல!

இப்போதைய செய்திகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம்.

நோன்புக் கஞ்சி வழக்கம்போல் நடக்கிறது. சமையல் நானாவுக்கு முழங்கால் வலி. தேக்சாவைக் கிளற இப்போது தொடக்கக் கல்லூரிப் பிள்ளைகள் வருகிறார்கள். சென்ற ரமலானில் ஒரு நாள் இரண்டு பேர் ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் உப்புப் போட்டுவிட்டார்கள். அன்று வாங்கிப் போனவர்களிடம் இந்த மேடையிலிருந்து மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறோம்.

2020ஐ மறக்க முடியாது. மார்ச் 13ஆம் தேதி பள்ளிவாசல்கள் மூடின. ஏப்ரல் 24இல் நோன்பு பிடித்தோம், பள்ளியும் இல்லை, ஜமாஅத்தும் இல்லை. தேக்சாவைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு நாங்கள் ஆளுக்குப் பத்து வீடு என்று பிரித்துக்கொண்டு, தனியாக இருக்கும் பெரியவர்களுக்கு அஸருக்குப் பிறகு போன் போட்டோம். சாப்பிட ஏதும் இருக்கிறதா, மருந்து இருக்கிறதா என்று கேட்கத்தான் தொடங்கினோம். அவர்கள் கேட்டது கஞ்சி எப்படிக் காய்ச்சுவது என்று. சமையல் நானாவை இணைப்பில் கொண்டுவந்தோம். அவருக்கு மூட்டைக் கணக்கில்தான் தெரியும். ஒரு டம்ளர் அரிசிக்கு வெந்தயம் எவ்வளவு, தேங்காய்ப்பால் எவ்வளவு என்று கேட்டால் மனிதர் திணறிவிட்டார். கடைசியில் ஒரு லாத்தாதான் அவருக்கே கணக்குப் போட்டுச் சொன்னார். அந்தப் போன் சுற்று இன்றும் நிற்கவில்லை. செவ்வாயும் வெள்ளியும் நடக்கிறது. போன் எடுக்காத வீட்டுக்கு ஆள் போகும்.

அந்த முடக்கக் காலத்தில் ஜனாஸாவில் 10 பேருக்கு மேல் கூடக்கூடாது என்றிருந்தது. ஐந்து பிள்ளைகள் உள்ள வீட்டில் மருமக்கள் வெளியே நின்றார்கள். அந்த வாரங்களுக்குரிய பக்கத்தில் வந்தவர்கள் பெயருக்குக் கீழே, வர முடியாமல் போனவர்கள் பெயரையும் எழுதியிருக்கிறோம். அவர்களில் சிலர் கேட்டு எழுதச் சொன்னது.

நோட்டைக் கணினியில் ஏற்றும் வேலையை இளையர் பிரிவுப் பெண்கள் எடுத்துக்கொண்டார்கள். முதல் நாளே சண்டை. "மகன்" என்று ஒரு கட்டம் வைத்திருக்கிறீர்களே, மகளுக்கு எங்கே கட்டம் என்று கேட்டார்கள். கட்டத்தை மாற்றியாகிவிட்டது. மாமி இருந்திருந்தால் பையிலிருந்து மிட்டாய் எடுத்துக் கொடுத்திருப்பார்.

மாமியைப் பற்றி இன்னும் ஒன்று. பெண் ஜனாஸாவைக் குளிப்பாட்டத் தெரிந்தவர்கள் இப்போது நம்மில் மூன்றே பேர்; மூவருக்கும் வயதாகிவிட்டது, ஒருவருக்குக் குனிய முடியாது. பணம் கொடுத்தால் செய்வதற்கு ஆட்கள் வெளியில் இருக்கிறார்கள், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் சென்ற ஆண்டு ஒரு வீட்டில், தன் உம்மாவை முன்பின் தெரியாத கைகள் தொட்டதை நினைத்து ஒரு மகள் பல நாள் தூங்கவில்லை. தனக்குச் செய்யத் தெரிந்திருந்தால் நானே செய்திருப்பேனே என்று எங்களிடம் சொன்னார். அந்த லாத்தாதான் இப்போது வகுப்பு வைக்கச் சொல்லி எங்களை விடாமல் நச்சரிக்கிறவர். மூன்று மாமிமார்களும் சொல்லிக்கொடுக்கச் சம்மதித்துவிட்டார்கள். பெருநாள் கழிந்ததும் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் சங்கக் கட்டடத்தில் நடக்கும். மாமியின் பழைய பை எங்களிடம் இருக்கிறது, கத்தரிக்கோலைச் சாணை பிடித்து வைத்திருக்கிறோம். பெயர் கொடுத்தவர்கள் இதுவரை நான்கு பேர். பயமாக இருக்கிறது என்று சிலர் சொன்னார்கள். எங்களுக்கும் முதல் முறை கை நடுங்கத்தான் செய்தது.

தலைவர் மாமா மணியைப் பார்க்கிறார்.

நோட்டு நுழைவாயில் பக்கத்து மேசையில் இருக்கும். பேனாவை நூலில் கட்டி வைத்திருக்கிறோம். உங்கள் நன்னா, பெரியவாப்பா, இந்த மண்ணில் அடங்கிய எவருடைய பெயராவது இதில் விட்டுப்போயிருந்தால் எழுதுங்கள். ஆண்டு சரியாகத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, கபுர் எண் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. பெண்களுக்கு அவர்கள் பெயர் வேண்டும், "சம்சாரம்" என்று எழுதினால் இளையர் பிரிவுப் பெண்கள் விடமாட்டார்கள். குளிப்பாட்டும் வகுப்புக்குப் பெயர் கொடுக்க அதே மேசையில் தனித்தாள் இருக்கிறது.

ஒரே ஒரு வேண்டுகோள். பிரியாணி சாப்பிட்ட கையை நன்றாகக் கழுவிவிட்டு நோட்டைத் தொடுங்கள். வஸ்ஸலாம்.